எமனுக்கே கிடைத்த தண்டனை!

மகாபாரத உபன்யாசம் முடிந்து சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் ஓர் அம்மாள் மட்டும் மண்டபத் தூணருகே தயங்கி நின்றார். “என்னம்மா?” என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

“சுவாமி, எங்க வீட்டுப் பூஜை அறையில இருந்த வெள்ளிக் காமாட்சி விளக்கு காணாமப் போச்சு. வீட்டு வேலை செய்யறவளோட பையன்தான் எடுத்திருக்கான். பதிமூணு வயசு. உடைஞ்ச செல்போனைச் சரிபண்றதுக்காகத் தெருமுனைக் கடையில வித்திருக்கான். கடைக்காரர் தெரிஞ்சவர். விளக்கு திரும்பி வந்துடுச்சு. ஆனா, ‘போலீஸ்ல சொல்லியே ஆகணும். இப்ப விட்டா நாளைக்குப் பெரிய திருடனா வருவான்’னு எங்க வீட்டுக்காரர் ஒத்தைக் கால்ல நிக்கறார். எனக்கு மனசு வரலை. சும்மா விடறதும் தப்புன்னு தோணுது. எது சுவாமி தர்மம்?”

கேட்பதற்கு வீட்டு விவகாரம்தான். ஆனால் தண்டனை எதற்காக என்ற இந்தக் கேள்வியில் அரசர்களும் நீதிபதிகளும்கூடத் தடுமாறியிருக்கிறார்கள். அன்று உபன்யாசத்தில் நேரமில்லாமல் விட்டுவிட்ட ஒரு சரிதத்தை அந்த அம்மாளுக்குச் சொன்னேன்.

மாண்டவ்யர் என்று ஒரு மகரிஷி. நளாயினி கதையில் கழுமரத்தில் இருப்பாரே, அவரேதான்! ஆசிரம வாசலில் மரத்தடியில் கைகளை உயர்த்தி, மௌன விரதம் பூண்டு தவம் செய்துகொண்டிருந்தார். அரண்மனைக் காவலர்கள் துரத்த, ஓடிவந்த திருடர்கள் கொள்ளைப் பொருளோடு அவருடைய ஆசிரமத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். “திருடர்கள் எந்தப் பக்கம் போனார்கள்?” என்று காவலர்கள் கேட்டார்கள். மௌன விரதம் ஆயிற்றே... ரிஷி வாய் திறக்கவில்லை. உள்ளே தேடினால் ஆளும் அகப்பட்டது, பொருளும் அகப்பட்டது! “இவரும் கூட்டாளிதான்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். அரசனும் தீர விசாரிக்கவில்லை. திருடர்களோடு சேர்த்து ரிஷியையும் கழுவேற்றிவிட்டான்.

அன்ன ஆகாரம் இல்லை. ஆனாலும் தவ வலிமையால் உயிர் பிரியவில்லை. மற்ற ரிஷிகள் இரவில் பறவை உருவில் வந்து அவரைச் சூழ்ந்து அழுதார்கள். செய்தி கேட்டு அரசன் ஓடிவந்து காலில் விழுந்தான். கழுவை உருவச் சொன்னான். உருவ வரவில்லை! வெளியே தெரிந்த பகுதியை வெட்டத்தான் முடிந்தது. மிச்சம் அவர் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அதனால்தான் அவருக்கு ‘ஆணி மாண்டவ்யர்’ என்று பெயர்.

தப்பான தண்டனை என்று தெரிந்த பிறகும் எடுக்க முடியவில்லை, பாருங்கள். நம் நாட்டில் மரண தண்டனையை அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே விதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் சொன்னதைப் படித்தபோது எனக்கு இந்த ஆணிதான் ஞாபகம் வந்தது.

ரிஷி அரசனைச் சபிக்கவில்லை. நேரே தர்மராஜனாகிய எமனின் சபைக்குப் போனார். “நான் செய்த பாவம் என்ன?”

“சிறு பிள்ளையாக இருந்தபோது பூச்சிகளைப் பிடித்துப் புல்லால் குத்தினீர். அதன் பலன் இது.”

ரிஷிக்குக் கோபம் பொங்கியது. அற்பக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அதுவும், எது பாவம் என்றே தெரியாத வயதில் செய்ததற்கா? “இனி 14 வயது வரை செய்வது பாவக் கணக்கில் சேராது” என்று அங்கேயே ஓர் எல்லையை வகுத்தார். எமனுக்கும் தண்டனை கொடுத்தார்: “நீ பூமியில் பணிப்பெண் வயிற்றில் பிறப்பாய்!”

அந்தப் பிறவிதான் விதுரர்.

தண்டனைக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். செய்தவன் அனுபவிக்க வேண்டும், பார்ப்பவன் பயப்பட வேண்டும், கெட்டவனைக் கொஞ்ச காலம் தனியே அடைத்து வைத்தால் ஊர் நிம்மதியாக இருக்கும் என்றெல்லாம். ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு. கழுவேற்றிய அரசன் மனதிலும் ஊர் நன்மைதான் இருந்திருக்கும். ஆனால், எதற்காக என்றே தெரியாமல் ஒருவர் வலியை மட்டும் அனுபவித்தால், அதில் அவர் திருந்துவதற்கு என்ன இருக்கிறது?

காகாசுரனைப் பாருங்கள். சித்திரகூடத்தில் சீதாபிராட்டியைக் கொத்தினான். ஸ்ரீராமன் ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்து பிரம்மாஸ்திரமாக ஏவினான். (அங்கேயும் புல், இங்கேயும் புல்!) மூன்று உலகமும் சுற்றிவிட்டு, அடைக்கலம் தருவார் இல்லாமல் ராமன் காலிலேயே வந்து விழுந்தான். உயிர் பிழைத்தது, ஒரு கண் போயிற்று. தண்டனை உண்டு, ஆனால் பிழைக்கவும் வழி உண்டு. எதற்காகக் கண் போயிற்று என்று அந்தக் காகத்துக்கு நன்றாகவே தெரியும்.

மாண்டவ்யர் போட்ட கோடு இன்றைய சட்டத்திலும் வேறு அளவில் இருக்கிறது. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டமானாலும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவானாலும், 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது குற்றமே ஆகாது. 7 முதல் 12 வரை, செய்வதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமில்லை. அதற்கு மேல் 18 வயதுக்குள் இருப்பவரைச் சிறையிலோ போலீஸ் லாக்கப்பிலோ வைக்கக் கூடாது என்கிறது 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம். இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். புத்தி சொல்லி அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், தேவைப்பட்டால் சிறப்பு இல்லத்தில் 3 வருடம் வரை வைக்கலாம். 16 வயதைத் தாண்டியவர் மிகக் கொடிய குற்றம் செய்தால் மட்டும் விசாரணை முறை மாறலாம்.

பெரியவர்களுக்கும்கூட, முதல் முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், புதிய சட்டத்தில் சமூக சேவைதான் தண்டனை.

“அப்போ சும்மா விட்டுடலாமா சுவாமி?”

“கூடவே கூடாதம்மா! பையனை உட்காரவைத்து, விளக்கு காணாத அன்று உங்கள் வீட்டில் என்ன பாடுபட்டீர்கள் என்று சொல்லுங்கள். அவனே வாய் திறந்து சொல்லட்டும், தான் என்ன செய்தேன் என்று. கடைக்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்கட்டும். (சின்னப் பையன் நீட்டிய வெள்ளியைக் கேள்வி கேட்காமல் வாங்கினாரே, அவருக்கும் இரண்டு வார்த்தை சொல்லலாம்!) அந்தச் செல்போன் ஆறு மாதம் அவன் அம்மாவிடம் இருக்கட்டும். ஆனால், அவளை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். அவள் திருடவில்லையே!”

அம்மாள் தலையாட்டினார். ஏதோ யோசனை. “விதுரரா பிறந்தது எமனுக்கு எப்படி சுவாமி தண்டனை? அவர் எவ்வளவு பெரிய ஞானி!”

நல்ல கேள்வி. ரிஷி எமனை நரகத்தில் தள்ளவில்லை. தீர்ப்புச் சொல்பவன் ஒரு தடவை கீழே நின்று பார்க்கட்டும் என்று அனுப்பினார். திரௌபதியை இழுத்துவந்த சபையில் நியாயம் பேசியவர் விதுரர். யார் காதில் விழுந்தது? தர்மம் தெரிந்தும் பேச்சு எடுபடாத இடத்தில் காலமெல்லாம் வாழ்வது சாதாரண வேதனையா? அந்தப் பணிப்பெண்ணின் பிள்ளை வீட்டைத் தேடித்தான், துரியோதனன் விருந்தை விட்டுவிட்டுக் கண்ணன் போனான்.

அடுத்த வாரம் அதே தூணருகே அந்த அம்மாள். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி.

“பையன் வந்து அழுதான் சுவாமி. இவருக்கு இன்னும் கோபம் தணியலை. ஆனா போலீஸ் பேச்சை எடுக்கறதில்லை.” சற்றுத் தயங்கினார். “பூஜை அறைக்கு ஒரு பூட்டு போட்டிருக்கேன். அது தப்பா?”

“தப்பே இல்லை. சாவியை மட்டும் ஞாபகமா எடுத்து வையுங்கோ” என்றேன். சிரித்துக்கொண்டே சுண்டல் வாங்கப் போய்விட்டார்.