எந்த மனிதர்?

சூழலியல் தாளில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு: மனிதச் செயல்பாடுகள் பல்லுயிர் வளத்தை எவ்வாறு பாதிக்கின்றன? காடழிப்பு, வேட்டை, மாசு, பேராசை என்று மாணவிகள் வரிசையாக எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போட்டுவிடுவேன். இரண்டாண்டுக்கு முன் ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒருத்தி மட்டும் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "எந்த மனிதர், மேடம்?"

இருளர் வீட்டுப் பெண். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். "அறுப்பு முடிஞ்சதும் எங்கம்மா வயல்ல எலி வளை தோண்டி நெல் எடுப்பாங்க மேடம். இப்ப அந்த வயலெல்லாம் பிளாட் ஆயிடுச்சு. அம்மா செங்கல் சூளைக்குப் போறாங்க. மனிதச் செயல்பாடுன்னா அதுல எங்கம்மாவும் சேர்த்தியா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொல்லாமல் விட்டது, திருத்தணியில் என் வீடும் அப்படி ஒரு மனையில்தான் நிற்கிறது என்பது. பத்திரத்தில் அந்த நிலத்தின் பழைய வகைப்பாடு நன்செய்.

சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழிவின் விளிம்பில் இருப்பதாக ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் மன்றம் 2019இல் சொன்னது. தரைவாழ் உயிர்களுக்கு அது காட்டிய முதற்காரணம் வேட்டையல்ல. நிலப் பயன்பாட்டு மாற்றம். வயல் மனையாவதும் அதில் அடக்கம்.

'மனிதன்' என்ற சொல்லுக்குள் பெண் இல்லை என்று சொல்லவே நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. இப்போது அதே சொல் இன்னொரு வேலை செய்கிறது. நிலத்தைப் பங்கு போட்டபோது கணக்கில் வராதவர்கள், பழியைப் பங்கு போடும்போது மட்டும் மனிதராகிவிடுகிறார்கள்.

இருளர்களின் கதை இதற்குச் சாட்சி. தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்து வந்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிழைப்பு போயிற்று. தேவையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோலில் பையும் செருப்பும் செய்து விற்றவர்களுக்கு வேறு சரக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷமுறிவு மருந்துக்கு நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. பாம்பு பிடிக்கிற இருளர் பெண்களும் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்?

உடனே நம்மில் சிலர் பழங்குடிப் பெண்ணை இயற்கையின் காவல் தெய்வமாக்கிவிடுவோம். கவிதை எழுதுகிற எனக்கு அந்த ஆசை அதிகம். வள்ளிமலையில் பரணேறிக் கிளி ஓட்டிய வள்ளி எங்கள் மலைக்கு மருமகள் அல்லவா! வந்தனா சிவா 1988இல் எழுதிய நூல் பெண்ணையும் இயற்கையையும் அப்படி இணைத்துப் பார்த்தது. 1992இல் பினா அகர்வால் அதை மறுத்தார்: அந்த உறவு பிறப்பிலேயே வருவதல்ல, யார் என்ன வேலை செய்கிறார், யாருக்கு நிலம் இருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. அந்த மாணவியின் பாட்டி பினா அகர்வாலைப் படித்தவரில்லை. "பாம்பு மேல பாசமெல்லாம் கிடையாது டீச்சர். தோலுக்கு ரெண்டு காசு வந்தது, பிடிச்சோம். ஆனா அப்ப வரப்பு இருந்துச்சு, புத்து இருந்துச்சு. பிடிக்கப் பிடிக்க வந்துச்சு. இப்ப எங்க வரும்?"

புற்று இருக்கிறது. மிஞ்சியதைச் சுற்றித் தளம் போட்டு, ஆடி வெள்ளியில் நாம் பால் ஊற்றுகிறோம். பாம்பு பால் குடிக்காது.

போன மழைக்காலத்தில் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே ஒரு நல்ல பாம்பு வந்தது. அத்தை அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. அந்த மாணவிக்குத்தான் போன் செய்தேன். அவள் மாமா வந்து ஐந்து நிமிடத்தில் பிடித்து, ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அனுமதியின்றி நல்ல பாம்பைப் பிடிப்பது குற்றம். அவர் மேல் வழக்குப் போடலாம். அதன் வயலில் வீடு கட்டிய என் மேல் போட ஒரு பிரிவும் இல்லை.

விடைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பென்சில் வரிக்கு நான் மதிப்பெண் போடவில்லை. விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை.