ஏமாந்த பிறகு வரும் சோதனை

நம்மை ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தவறு அவருடையது. அதோடு நம்ம பொறுப்பு முடிந்துவிட்டதா? முடியவில்லை என்பதை எங்களுக்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் சொல்லிக் கொடுத்தது.

கிள்ளானில் எங்கள் சமய வகுப்புப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பஜனை பாடுவார்கள். ஒலிபெருக்கி வாங்குவதற்காகப் பெற்றோரிடம் பத்து, இருபது வெள்ளியாகச் சேர்த்தோம். மொத்தம் 450 வெள்ளி சேர்ந்தது. புது செட் வாங்க அது பத்தாது. பந்திங்கில் ஒருவர் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் அதே விலைக்கு விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். 'நல்ல நிலையில் உள்ளது. ஒரு தடவைகூட ரிப்பேர் செய்ததில்லை' என்று அதில் இருந்தது. நாங்கள் நான்கு பேர் போனோம். ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினார். சத்தம் கணீரென்று கேட்டது. விலை மலிவு என்ற சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

முதல் பஜனையில் 40 நிமிடம் ஆனதும் ஒரு பக்க ஸ்பீக்கர் அடங்கிப் போனது. ஆறவிட்டுப் போட்டால் வேலை செய்தது. சூடானதும் மறுபடி அடங்கியது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே யாரோ திறந்து ஈயம் வச்சிருக்காங்க தம்பி. சரி பண்ண 180 வெள்ளி ஆகும்" என்றார்.

புலனக் குழுவில் ஒரே கொதிப்பு. "அந்த ஆளு படத்தை முகநூல்ல போட்டு நாறடிக்கணும்" என்றார் ஒருவர். "விடுங்க, கர்மா பாத்துக்கும்" என்றார் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. சம்பந்தப்பட்ட மனிதரிடம் யாரும் இன்னும் பேசவே இல்லை. அவர் பொய் சொல்லியிருக்கலாம். அல்லது அவரே இதைப் பழசாக வாங்கி, வீட்டில் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கேட்டவராக இருக்கலாம். கேட்காமலே தண்டித்தால் அது நியாயமில்லை. கேட்காமலே கர்மாவிடம் தள்ளிவிட்டால் அது பொறுமையும் இல்லை. அவர் தன் தவறைத் திருத்திக்கொள்ளக்கூடிய வாய்ப்பை நாமே பறித்துவிடுகிறோம்.

அதனால் திட்டாமல் எழுதினோம். விளம்பரத்தில் இருந்த வரி, நடந்த கோளாறு, அதன் காணொளி, கடைக்காரர் சொன்னது, எல்லாவற்றையும் அனுப்பினோம். "அங்கிள், பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடுங்க, இல்லேன்னா ரிப்பேர் செலவை ஏத்துக்குங்க" என்று கேட்டோம்.

பதில் வந்தது: "எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. பார்த்துத்தானே வாங்குனீங்க?"

இந்த இரண்டு வாக்கியங்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பார்ப்பவருக்கு 40 நிமிடத்தில் வரும் கோளாறு தெரியாது. பழைய பொருளை வாங்குபவர் பாதியைக் கண்ணால் பார்த்தும், மீதியை விற்பவர் வார்த்தையை நம்பியும்தான் வாங்குகிறார். அந்த வார்த்தைக்கும் சேர்த்துத்தான் விலை. சரி, அவருக்கு நிஜமாகவே தெரியாது என்றால்? அப்போது அவர்மேல் பழி இல்லை. ஆனால் பழி இல்லை என்பதற்காக அந்தப் பணம் முழுவதும் அவருக்கு நியாயமாகிவிடாது. தெரியாமல் அதிகம் வாங்கிய சில்லறையையும் தெரிந்த பிறகு திருப்பிக் கொடுக்கிறோம் அல்லவா?

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. வியாபாரம் செய்யாத தனி ஆளிடம் வாங்கினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் பொதுவாக உதவாது. ஆனாலும் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், இன்ன மாதிரி என்று சொல்லி விற்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு தொகைக்கான வழக்கும் போடலாம். போவது தவறில்லை. நாங்கள் போகவில்லை.

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு 'நல்ல' யோசனை வந்தது. "நாமும் அதே மாதிரி விளம்பரம் போட்டு 450-க்கே வித்துடலாம். ஒரு பாட்டு போட்டுக் காட்டினா போதும். பிள்ளைங்க காசு, சாமி காரியம்." நான்தான் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள்.

அப்போது வகுப்பில் உதவிக்கு வரும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, அந்த அங்கிளுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். நமக்குத்தான் தெரியுமே?"

யாரும் பேசவில்லை. நாங்கள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோமோ, அவரைவிட ஒரு படி கீழே இறங்கத் தயாராக இருந்தோம். திருக்குறளில் நடுவு நிலைமை என்ற அதிகாரம் வணிகத்தைப் பற்றிய குறளோடுதான் முடிகிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்பது அதன் கருத்து. நாங்கள் அதை வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்தவர்கள்.

விளம்பரத்தை மாற்றி எழுதினோம்: '40 நிமிடத்தில் ஒரு பக்கம் அடங்கும். உள்ளே முன்பே திறக்கப்பட்டிருக்கிறது. சரிசெய்ய 180 வெள்ளி ஆகும் என்கிறார்கள்.' ரிப்பேர் தெரிந்த ஒருவர் 250 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். குறைந்த 200 வெள்ளியை, சரியாக விசாரிக்காமல் வாங்கி வந்த நாங்கள் நால்வரும் தலைக்கு 50 வெள்ளி போட்டு நிரப்பினோம். நடந்ததைப் பெற்றோரிடமும் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது.

கர்மா என்றால் அடுத்தவருக்கு வரப்போகும் தண்டனை என்று பேசிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் செயல். பந்திங்கில் நடந்தது அவர் செயல். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம்ம செயல். ஏமாற்றம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் பொருள். நம் கைக்கு வரும்போது அதை நிறுத்தலாம், கொஞ்சம் செலவாகும். எங்களுக்கு ஆளுக்கு 50 வெள்ளி ஆனது.