அரை என்ற விடை

1 − 1 + 1 − 1 + … என்று முடிவில்லாமல் நீளும் தொடரின் விடை என்ன? 1703இல் இத்தாலியத் துறவி குய்டோ கிராண்டி இதை ஆராய்ந்தார். இரண்டிரண்டாகச் சேர்த்தால் பூஜ்யம் வந்தது. இயற்கணிதச் சூத்திரப்படி அரை வந்தது. ஒன்றுமில்லாததிலிருந்து ஏதோ ஒன்று பிறக்கிறதே என்று வியந்த அவர், இறைவன் சூனியத்திலிருந்து உலகைப் படைத்தது நம்பத்தக்கதே என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டினார்.

சைவ சித்தாந்திக்கு இந்த முடிவு உடன்பாடாகாது. சற்காரிய வாதப்படி, இல்லாதது ஒருநாளும் தோன்றாது. குடத்துக்கு மண் இருப்பதுபோல உலகுக்கு மாயை முதற்காரணமாக இருக்கிறது. ஆனால் கிராண்டியை மறுக்கச் சித்தாந்தம் வரை போக வேண்டியதில்லை, கணிதமே போதும்.

அந்தத் தொடரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் 1, 0, 1, 0 என்றுதான் வரும். எதிலும் நிலைகொள்ளாததால், வழக்கமான பொருளில் அதற்குக் கூடுதலே இல்லை. 1890இல் எர்னெஸ்டோ செசாரோ வேறொரு விதியை முறைப்படுத்தினார்: அந்தக் கூடுதல்களின் சராசரியைப் பாருங்கள். 1, 1/2, 2/3, 1/2, 3/5 என்று அது அரையை நெருங்குகிறது. ஆகவே, அரை என்பது அந்த விதி தரும் மதிப்பு. விதியை மறைத்துவிட்டு விடையை மட்டும் நீட்டும்போதுதான் அது அற்புதமாகத் தெரிகிறது.

இராமானுஜன் அப்படி மறைக்கவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913 பிப்ரவரி 27 அன்று ஆங்கிலேயக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் 1 + 2 + 3 + … என்பதன் மதிப்பு −1/12 என்றார். தன் கோட்பாட்டின்படி என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதினார். அதைக் கேட்டால் தன்னைப் பைத்தியக்கார மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. இங்கே செசாரோவின் சராசரி உதவாது. அதுவும் எல்லையின்றி வளரும். இராமானுஜன் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு மாறிலி உண்டு என்று கொண்டு, அதையே மதிப்பாக எடுத்தார். தன் கணிதம் நாமகிரித் தாயாரின் அருள் என்று நம்பியவர்தான். ஆனாலும் பக்தியை விதியின் இடத்தில் அவர் வைக்கவில்லை.

இராமானுஜனுக்குப் பின் வந்த சென்னைக் கணிதர்கள் எதிர்த்திசையில் கேட்டார்கள்: சராசரி ஓர் எண்ணில் அமைந்தால், தொடரும் அதில் அமையுமா? ஹார்டியின் மாணவரும் மாநிலக் கல்லூரிப் பேராசிரியருமான கே. ஆனந்தராவும், அவருடைய மாணவர் தி. விஜயராகவனும் இதில் உழைத்தார்கள். டௌபேரியன் தேற்றங்கள் எனப்படும் இவ்வகை முடிவுகள் எல்லாமே கூடுதலாக ஒரு நிபந்தனை கேட்கும். 1910இல் ஹார்டி நிறுவிய தேற்றத்தில், ஒவ்வோர் உறுப்பையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கினால் கிடைப்பவை ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும்.

கிராண்டியின் தொடரில் அவை 1, −2, 3, −4 என்று வரம்பு மீறுகின்றன. உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்காததால், சராசரிக்கு உரிய அரையைத் தொடரின் கூடுதலாக்க எந்த வழியும் இல்லை. படைப்பைப் பற்றி வாதிட விரும்பும் கிறித்துவரும் சித்தாந்தியும் தத்தம் நூல்களின் நியாயங்களோடுதான் எதிரெதிரே உட்கார வேண்டும். இந்தக் கணக்கு இருவருக்கும் சாட்சி சொல்லாது.