இரண்டு ட்ரை

போன தையில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா கேட்டார்: "இன்னும் புரூஃப்தான் பாத்துக்கிட்டிருக்கியாப்பா? இருபத்திரண்டு வருசமாச்சே, எடிட்டர் ஆக்கலையா?"

"கேட்டாங்க பெரியப்பா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவர் என்னைப் பரிவோடு பார்த்துவிட்டு ரசத்துக்குக் கை காட்டினார். கேட்கவே இல்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

அன்று ராத்திரி, கல்யாண அசதியிலும் தூக்கம் வராமல், ஷான் எட்வர்ட்ஸை நினைத்துக்கொண்டேன். ரக்பி எனக்குத் தொலைக்காட்சியில் தற்செயலாகத் தொற்றிய பழக்கம். இந்தியாவில் இதைப் பேசத் துணை கிடைக்காது, அது ஒரு வசதி. எதிரணி பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் அது ஒரு ட்ரை, ஐந்து புள்ளி. அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒவ்வொரு பெரிய அணியிலும் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார். எட்வர்ட்ஸின் தொழில் அதுதான்.

அந்தத் தொழிலே பழைய பகை ஒன்றின் பிள்ளை. 1895இல் வட இங்கிலாந்து கிளப்புகள் ரக்பி சங்கத்தை விட்டுப் பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போகும், அதை ஈடுகட்ட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. காசுக்கு ஆடுவது கேவலம் என்றது சங்கம். பிரிந்தவர்களின் ஆட்டம் ரக்பி லீக் ஆயிற்று, சங்கத்தின் ஆட்டம் ரக்பி யூனியன். அங்கே போய் ஆடியவனுக்கு யூனியனில் மறுபடி இடமில்லை. நூறு வருஷம் கழித்து, 1995இல், யூனியனும் சம்பளத்துக்குக் கதவைத் திறந்தது. அப்போது பார்த்தால், தடுப்பாட்டத்தை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தவர்கள் அந்தத் தள்ளிவைக்கப்பட்ட வீட்டுக்காரர்கள். 1999 உலகக் கோப்பையை ஆஸ்திரேலியா ஒரே ஒரு ட்ரை விட்டுக்கொடுத்து வென்றபோதும், 2003இல் இங்கிலாந்து வென்றபோதும், தடுப்பாட்டத்தைச் சொல்லிக்கொடுத்த ஜான் மகில்டனும் ஃபில் லார்டரும் லீக்கிலிருந்து வந்தவர்கள். கூலிக்காரன் என்று விரட்டிய வீட்டிலேயே கூலி கொடுத்துக் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

எட்வர்ட்ஸ் கிரேட்டர் மான்செஸ்டரில் உள்ள விகன் ஊர்க்காரர். தந்தை லீக் ஆட்டக்காரர். முதுகெலும்புக் காயத்தால் இருபதுகளிலேயே ஆட்டத்தை விட்டவர். மகன் பதினேழாவது பிறந்தநாளன்று விகன் கிளப்பில் கையெழுத்திட்டார். 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு முறை அந்த கிளப் சேலஞ்ச் கோப்பையை வென்றது. எட்டு இறுதியாட்டத்திலும் அவர் இருந்தார். 1990இல் முக எலும்பு முறிந்த பிறகும் கடைசிவரை ஆடினார். பிறகு யூனியனுக்கு வந்து, 2001இல் வாஸ்ப்ஸ் கிளப்பில் பயிற்சியாளர் ஆனார்.

அவர் அங்கே கொண்டுவந்த முறைக்கு பிளிட்ஸ் என்று பெயர். தடுப்பவர்கள் வரிசையாக நின்று எதிரியை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குவது ஒரு முறை. பிளிட்ஸில் ஒதுக்குவது இல்லை. பந்து கை மாறும் முன்பே மொத்த வரிசையும் ஒன்றாகப் பாய்ந்து முன்னே போகிறது. யோசிக்க நேரமே தராமல் அடிப்பது. இதில் அபாயம் என்னவென்றால், ஒருவன் மட்டும் அரை அடி முந்திவிட்டால் போதும், அவனுக்குப் பக்கத்தில் வாசல் திறந்துவிடும். எத்தனை சூரனாக இருந்தாலும் பக்கத்து ஆளின் தோளை விட்டு விலகக் கூடாது. தடுப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, முதலில் இது புரியவே இல்லை.

2008இல் வேல்ஸ் அணியின் தடுப்புப் பயிற்சியாளரானார். அந்த வருஷ ஆறு நாடுகள் போட்டியில் வேல்ஸ் ஐந்து ஆட்டத்தையும் வென்றது. விட்டுக்கொடுத்தது மொத்தம் இரண்டு ட்ரை: இங்கிலாந்தின் டோபி ஃபிளட் ஒன்று, இத்தாலியின் காஸ்ட்ரோஜொவானி ஒன்று. எத்தனை ட்ரை வராமல் தடுக்கப்பட்டன என்று எந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்த இரண்டு மட்டும் பெயரோடு நிற்கின்றன.

2019 வரை அதே வேலை, தலைமைப் பயிற்சியாளர் வாரன் கேட்லண்டுக்குக் கீழே. சொந்த ஊரான விகன், 2020 முதல் அவர்தான் தலைமைப் பயிற்சியாளர் என்று 2018இல் அறிவித்தது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அவர் போகவில்லை. பிரான்சுக்குப் போனார், மறுபடியும் தடுப்புப் பயிற்சியாளராக. 2022இல் பிரான்ஸும் ஐந்துக்கு ஐந்து வென்றது. தென்னாப்பிரிக்காவின் ஜாக் நீனாபர் இன்னும் விசித்திரம். பிசியோதெரபிஸ்டாகத் தொடங்கித் தடுப்புப் பயிற்சியாளராகி, 2023இல் தலைமைப் பயிற்சியாளராக உலகக் கோப்பையையும் தூக்கிய மனிதர், அடுத்து அயர்லாந்தின் லென்ஸ்டர் அணியில் தலைமைப் பயிற்சியாளர் லியோ கல்லனுக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். பெரியப்பா இதைக் கேட்டால் ரசத்தோடு எழுந்துவிடுவார்.

இவர்களைச் சாட்சிக்கு இழுத்து என்னை நியாயப்படுத்தத்தான் அன்று ராத்திரி நினைத்தேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. நீனாபர் உச்சியில் நின்றுவிட்டு இறங்கியவர். எட்வர்ட்ஸுக்கும் வாஸ்ப்ஸில் தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டம் சில காலம் இருந்தது. இருபத்தொரு வயதில் வெம்ப்ளியில் கோப்பையை வாங்கிய கேப்டன் அவர். எதை விடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் எடிட்டர் நாற்காலியில் ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. எழுத்தாளர்களிடம் முகத்துக்கு நேரே "இந்த அத்தியாயம் வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்தேன். வேலையின் மேல் பிரியமும் இருந்தது, பொய்யில்லை. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை பெரியப்பா கேட்டால் பயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

போன மாதம் நான் பார்த்த ஒரு நாவல் அச்சாகி வந்தது. 117ஆம் பக்கம், ஏழாவது வரி. 'அறைக்குள்' என்று இருக்க வேண்டும். 'அரைக்குள்' என்று இருக்கிறது.