எந்தச் சத்திரம்?



சத்திரம் பஸ் ஸ்டாண்டு தெரியாத ஆள் நம்ம சபையில் உண்டா? ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் அங்கேதான் இறங்குகிறோம். 2021-ல் புதிதாய்க் கட்டித் திறந்த பிறகும் "ஒரு சத்திரம் குடுங்க" என்றுதான் கண்டக்டரிடம் கேட்கிறோம். அப்படிக் கேட்கும்போது, வழிப்போக்கன் தலைசாய்க்கிற இடம் என்ற அர்த்தம் யாருக்காவது மனதில் வருகிறதா? வராது. தினமும் வாயில் புழங்குகிற வார்த்தை தேய்ந்துபோகும். வேத வசனத்துக்கும் நாம் இதையேதான் செய்கிறோம், பிரியமானவர்களே. மனப்பாடமாகத் தெரியும், ஆகவே வாசிக்கிறதே இல்லை.

லூக்கா சுவிசேஷத்தில் இதே சத்திரம் என்ற வார்த்தை இரண்டு சம்பவங்களில் வருகிறது. ஒன்று 2:7, பெத்லகேமில் இடமில்லாமல் போனது. இன்னொன்று 10:34, குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலாவது 2-ம் அதிகாரம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலைப்பாகை கட்டின ஒரு சத்திரத்தான் வந்து, "இடமில்லை, போ!" என்று கதவைச் சாத்துவான். பிள்ளைகளுக்கு அந்த வேஷம் என்றால் ரொம்பப் பிரியம். இப்போது வேதத்தைத் திறந்து விரலை வைத்து வாசியுங்கள். சத்திரத்தான் எங்கே? இல்லை. கழுதை? அதுவும் இல்லை. வந்து இறங்கின ராத்திரியே பிரசவமா? அவர்கள் அங்கே தங்கியிருக்கையில் நாள் நிறைவேறியது என்றல்லவா 6-ம் வசனம் சொல்லுகிறது!

இன்னும் கொஞ்சம் தோண்டுவோம். மூலமாகிய கிரேக்கில் இந்த இரண்டு சத்திரமும் ஒரே வார்த்தை அல்ல. 2:7-ல் இருப்பது "கட்டாலுமா". அதே வார்த்தை 22:11-லும் வருகிறது. அங்கே ஆண்டவர் சீஷரோடு பஸ்கா புசிக்கும்படி கேட்கிற வீட்டு அறை அது. 10:34-ல் இருப்பது "பண்டோகெயோன்", வருகிற எவரையும் ஏற்றுக்கொள்ளுகிற விடுதி. ஆகவே பெத்லகேமில் நிரம்பியிருந்தது ஒரு வீட்டின் விருந்தறையாக இருக்கலாம் என்று வேத பண்டிதர் பலர் சொல்லுகிறார்கள். யோசேப்பு தாவீதின் வம்சத்தான். அது அவனுக்குச் சொந்த ஊர். அந்நாட்களில் ஆடுமாடுகளையும் வீட்டுக்குள்ளேயே கட்டுவார்கள். எந்தோரில் அந்த ஸ்திரீயின் கன்றுக்குட்டி வீட்டிலேதான் நின்றது (1 சாமுவேல் 28:24). அப்படியானால் முன்னணையும் வீட்டுக்குள் இருந்திருக்கலாம் அல்லவா?

"பாஸ்டர், வேதத்தையே திருத்துகிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை ஐயா. பவர் ஐயர் தலைமையில் 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பைத்தான் நாம் இன்றும் கையில் வைத்திருக்கிறோம். சத்திரம் என்பது தமிழனுக்குச் சட்டென்று விளங்குகிற நல்ல வார்த்தை. அவர்கள் அந்த வசனத்தில் சத்திரத்தான் எவனையும் நிறுத்தவில்லை, நிறுத்தினது நாம். பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதத்தில் ஒத்துப்பார்த்தார்கள். அவர்களை வேதம் கடிந்துகொள்ளவில்லை, பாராட்டுகிறது (அப். 17:11).

நம்ம ஜனங்களின் காரியத்தைப் பாருங்கள். இல்லாத சத்திரத்தானை வருஷா வருஷம் திட்டுகிறோம். மெய்யாகவே வேதத்தில் இருக்கிற சத்திரத்தானை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்கிறதில்லை! அவன் 10:35-ல் நிற்கிறான்.

எருசலேமிலிருந்து எரிகோ சுமார் 27 கிலோமீட்டர். நம்ம சத்திரத்திலிருந்து லால்குடி தாண்டிப் போகிற தூரம். ஆனால் ஆயிரம் மீட்டருக்கும் மேலே கீழ்நோக்கி இறங்குகிற மலைப்பாதை. சமாரியன் அடிபட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றினான் என்றால் தான் நடந்தான் என்று அர்த்தம். மறுநாள்தான் புறப்பட்டான். அப்படியானால் அந்த ராத்திரி முழுவதும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டான். "மறுநாள்" என்ற அந்த ஒரு வார்த்தையை எத்தனை தரம் தாண்டிப் போயிருக்கிறோம்!

பிறகு இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20:2-ன்படி அது கூலியாளுக்கு இரண்டு நாள் சம்பளம். அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துப் போனான். சத்திரத்தான் கையில் இப்போது என்ன இருக்கிறது? தான் தெரிந்துகொள்ளாத ஒரு நோயாளி, கொஞ்சம் காசு, ஒரு வாக்கு. அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை பேசினதாக எழுதப்படவில்லை. செய்தானா, செய்யவில்லையா, அதுவும் எழுதப்படவில்லை.

மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் என்பவர் அந்தச் சத்திரம் சபைதான் என்று விளக்கினார். அதை ஏற்றுக்கொண்டால் கணக்கு நம்ம பக்கம் திரும்புகிறது, தேவ ஜனமே! எழுப்புதல் கூட்டத்தில் ஒருவனை முன்னே அழைத்து, தலையில் கைவைத்து, கண்ணீரோடு ஜெபிக்கிறோம். அல்லேலூயா, அது வேண்டும். மறுநாள்? குடியை விட்டவனுக்குக் கை நடுங்குகிற அந்த மூன்றாம் ராத்திரி யார் பக்கத்தில் இருக்கிறது? பெரியாஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கிற நம்ம சபைத் தாயாருக்குக் கஞ்சி கொண்டுபோகிறது யார்? மேடையில் ஒருவரும் இந்த ஊழியத்துக்குப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அந்தச் சத்திரத்தானுக்கும் வேதத்தில் பேர் இல்லை.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அதிகாரம் அதிகாரமாய் ஓடவேண்டாம். 10:35 ஒன்றை மட்டும் சத்தமாய், மெதுவாய் இரண்டு தரம் வாசியுங்கள். சமாரியன் புறப்பட்டுப் போன பிறகு அன்று சாயங்காலம் அந்தச் சத்திரத்தில் என்னென்ன வேலை இருந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லுகிறதை ஒரு தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள்.