சாவி கொடுக்கும் கை

தானே இயங்கும் பொருள் உயர்ந்ததா, நாம் இயக்க இயங்கும் பொருள் உயர்ந்ததா? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவினுள் கடமை பற்றிய பெரியதொரு வினா அடங்கியுள்ளது.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள சிற்றூர் கிளாஸ்ஹூட்டே. பெர்டினாண்ட் அடால்ப் லாங்கே 1845-இல் அங்குக் கடிகாரப் பட்டறை அமைத்தார். 1948-இல் அவர் வழியினரின் நிறுவனம் அரசுடைமையாயிற்று. கொள்ளுப்பேரர் வால்ட்டர் லாங்கே ஊரை நீங்கி மேற்கு ஜெர்மனி சென்றார். நிறுவனத்தின் பெயர் மறைந்தது. ஊராரின் கைகளில் தொழில் மறையவில்லை. ஆதலின் 1990-இல், தம் 66-ஆம் அகவையில், அவரால் அங்கேயே மீண்டும் தொடங்க இயன்றது.

1994-இல் வெளிவந்த 'லாங்கே 1' கைக்கடிகாரத்திற்கு நாமே சாவி கொடுத்தல் வேண்டும். முறுக்கேறிய சுருள்வில்லின் ஆற்றலைப் பற்சக்கரங்கள் கொண்டு செல்கின்றன. சமன்சக்கரம் மணிக்கு 21,600 முறை அசைந்து அதனைச் சிறிது சிறிதாக அளந்து விடுகிறது. முழுச் சாவிக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் ஓடும்.

1969-இல் விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் இதனினும் துல்லியமானது. அன்றாட உழைப்பை வேண்டாதது. நேரம் அறிதல் ஒன்றே நோக்கமெனில் அதுவே போதும். ஆனால் அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கேட்காததை நாம் மறந்துவிடுகிறோம்.

லாங்கேயின் கடிகார முகப்பில் எஞ்சிய ஆற்றலைக் காட்டும் சிறு முள் ஒன்றுண்டு. அது தேவையே. ஏனெனில், நிற்பதற்குச் சற்று முன்புவரை கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டத்தைக் கண்டு இருப்பை அறிதல் இயலாது.

பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலும் தமிழ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாட்டி தமிழில் கேட்கிறார். பேரப்பிள்ளை புரிந்துகொண்டு வேறு மொழியில் விடை கூறுகிறது. நாமும் மகிழ்கின்றோம். அவ்வோட்டம் நாம் இன்று கொடுத்த சாவியாலா, முன்னோர் முறுக்கி வைத்த வில்லின் மிச்சத்தாலா? அதனைக் காட்டும் முள் நம் வீட்டுச் சுவரில் இல்லை.

ஆதலின் முள்ளின் பணியையும் நாமே ஏற்றல் வேண்டும். இரவு உணவுக்குப் பின் ஒரு கதை, பிள்ளை தன் கையால் எழுதும் இரண்டு வரி, அவ்வளவே. கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் நேரத்தினும் சற்றே மிகுதி. ஆனால் நேற்றுக் கொடுத்த சாவி என்றைக்கும் போதாது.