கரை சேர்ந்தாலும் குற்றமே!

கப்பல் கரை சேர்ந்துவிட்டது. பயணிகள் நலம், சரக்கும் நலம். ஆயினும் அதை அனுப்பிய முதலாளி குற்றவாளியே என்று ஒருவர் கூறினால், இதென்ன விந்தை வழக்கு என்றுதானே கேட்போம்?

கூறியவர் வீண்வம்புக்காரரல்லர், வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு எனும் ஆங்கிலக் கணித மேதை. நம்பிக்கையின் அறநெறி பற்றி 1877ல் அவர் தீட்டிய கட்டுரையிலே ஒரு முதலாளி வருகிறான். கப்பல் பழையது, பழுது பார்க்கவேண்டும் என்ற ஐயம் அவனுக்கே உண்டு. ஆனால், எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல், ஆண்டவன் காப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது, காப்பீட்டுத் தொகை கைக்கு வருகிறது. அவன் குற்றவாளி என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. கிளிஃபோர்டு அத்துடன் விட்டாரா? அதே கப்பல் மூழ்காமல் திரும்பியிருந்தாலும் குற்றம் கடுகளவும் குறையாது என்றார். ஆராயாமல் நம்பிய அந்த நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது. பிறகு அடித்த காற்றுக்கு அதை அழிக்கும் ஆற்றல் கிடையாது. இப்படி எழுதியவர், 1870ல் சூரிய கிரகணம் காணச் சிசிலித் தீவுக்குச் சென்றபோது கப்பல் விபத்திலே சிக்கி உயிர் தப்பியவர் என்பதையும் நினைவிற்கொள்க!

இலண்டன் அறிஞரின் கப்பல் இருக்கட்டும். இனயம் கடற்கரைக்கு வாருங்கள், தோழர்களே!

சென்ற ஆண்டு இங்கே ஒரு விசைப்படகு முதல் நெடும்பயணத்துக்கு ஆயத்தமாயிற்று. கைமாறி வந்த பழைய படகு. புதுச்சாயம் பூசியதும் புதுமணப்பெண் போல் பொலிந்தது. நின்றால் தலை இடிக்கும் சின்னஞ்சிறு கேபின். அதற்குள்ளேதான் பதினொருவருக்கு ஒரு மாத வாழ்வு! ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல், ஐஸ், குடிநீர், அரிசி, மிளகாய், தூண்டில், வலை, நங்கூரம் என்று எல்லாம் ஏறின. உயிர்காப்புச் சட்டைகளும் ஏறின, ஏறியவுடன் தலையணைகளாயின! சமையலுக்குச் சென்றவன் என் பழைய மாணவன். வயது பத்தொன்பது.

படகின் அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பு மூன்றாம் முறைதான் உயிர் பெற்றது. பாகம் ஒன்றை மாற்றவேண்டும், நான்கு நாள் ஆகும் என்றார் மெக்கானிக். "ஒண்ணும் ஆகாது சாரே, தலையில எழுதினதுதான் நடக்கும்" என்றார் படகுக்காரர். படகு புறப்பட்டது. நானும் கையசைத்தேன்.

தலையெழுத்தாம்! தலையிலே எழுதியிருப்பதை நம்புகிறவர், டீசலை மட்டும் ஏன் அளந்து ஊற்றினார்? அதையும் எழுத்துக்கே விட்டிருக்கலாமே! செலவில்லாத இடத்திலே அறிவும், செலவு வைக்கும் இடத்திலே விதியும் பேசுவது நம் வழக்கமாகிவிட்டது.

ஆனால் அவரை மட்டும் கூண்டிலேற்றுவது நேர்மையன்று. நான்கு நாள் தாமதித்தால் ஐஸ் கரையும். முன்பணம் கொடுத்த தரகர் முகம் சுளிப்பார். பிடிக்கும் மீன் பிடிபடுவதற்கு முன்பே அவருக்குச் சொந்தம். படகிலே ஏறாதவரின் பணம், ஏறுகிறவரின் உயிருக்கு நாள் குறிக்கிறது. இங்கிலாந்திலும் இதே கதைதான். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிட்ட கப்பல்களை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சால் போராடினார். கப்பலின் பக்கத்திலே பாரக்கோடு இடவேண்டுமென 1876ல் சட்டம் வந்தது. கோட்டை எங்கே இடுவது? அதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டது அந்தச் சட்டம்! 1890ல்தான் அந்த வேடிக்கை ஒழிந்தது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் படகுகள் பல, நாட்கள் பலவாக ஆழ்கடலில் இருந்தன. கரையிலே ஒலித்த எச்சரிக்கை அவற்றுக்கு எட்டவில்லை, சாதாரண வி.எச்.எஃப். வானொலிக்கு அத்தனை தூரம் எட்டும் ஆற்றலில்லை. காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் படித்த மீனவனைப் பார்த்து, ஆராயாமல் போனாய் என்று எவர் சொல்ல முடியும்? அவன் அறிவு எட்டும் வரை ஆராய்ந்தான். எட்டாத இடத்துக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் கடமை கரையிலே அமர்ந்திருந்தோருடையது. செயற்கைக்கோள் வழிச் செய்தி தரும் நேவிக் கருவிகள் அதன் பிறகே படகுகளுக்கு வரலாயின. அறிந்தவன் எவனோ, தடுக்கும் வலிமையுள்ளவன் எவனோ, அவன் மீதே பொறுப்பு ஏறுகிறது என்பேன்.

அப்படியானால் கையசைத்த ஆசிரியன்?

முப்பத்து மூன்றாம் நாள் படகு வந்தது. சூரை, சுறா என்று நல்ல மீன்பாடு. படகுக்காரர் இனிப்பு வழங்கினார், நானும் தின்றேன். மாலையில் மாணவன் மெல்லச் சொன்னான்: இருபதாம் நாள் இரவு பம்பு நின்றுவிட்டதாம், விடியும்வரை இருவர் வாளியால் நீர் இறைத்தார்களாம். இனிப்பு தொண்டையிலே கசந்தது. படகுக்காரரிடம் கேட்டேன். "அதான் போயிட்டு வந்தாச்சே, சாரே!" என்று சிரித்தார்.

பிறகும் அதே பம்புடன் சில முறை சென்று திரும்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவருடைய நம்பிக்கை உறுதியாகிறது, பம்பு தேய்கிறது. வரும் செவ்வாயன்று மீண்டும் புறப்பாடு. இம்முறை வாய்திறந்தேன். வாதிட்டோம், உரக்கவே வாதிட்டோம். பாகம் கையில் இருந்தால் திங்களன்று மாற்ற மறுப்பில்லை என்கிறார். நாகர்கோவிலில் கிடைக்குமாம். நாளை சனிக்கிழமை, பள்ளி இல்லை. மெக்கானிக் எழுதித் தந்த சீட்டுடன் முதல் பேருந்துக்குப் போகிறேன்.